ஞாயிற்றுக்கிழமை மண்டி சுங்கை: நாம் கிளம்பிய பிறகு ஆற்றுக்கு என்ன ஆகிறது?

சனிக்கிழமை ராத்திரி வாட்சாப் குழுவில் ஒரு மெசேஜ் வரும். "நாளைக்கு மண்டி சுங்கை. யார் யார் வர்றீங்க?" மறுநாள் காலை சிம்பாங் அம்பாட்டில் இரண்டு மூன்று கார்கள் சேரும். ஐஸ் பெட்டி, ஊறவைத்த கோழி, ஒரு மூட்டை கரி, பாய், புளிச்சோறு, குழந்தைக்குப் பெம்பர்ஸ். பக்கத்திலேயே போதும் என்றால் நிபோங் திபால் பக்கம் இருக்கும் புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்கா. கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் எல்லையைத் தாண்டி, கெடாவின் கூலிம் மாவட்டத்தில் இருக்கும் சுங்கை செடிம்.

சாயங்காலம் கிளம்பும்போது குப்பையை எல்லாம் கறுப்புப் பையில் கட்டி எடுத்துக்கொள்கிற ஆட்கள் இப்போது நிறையப் பேர். நீங்களும் அப்படித்தான் என்றால் நல்லது. ஆனால் பையில் கட்ட முடிந்தது ஒரு பகுதிதான். பையில் கட்ட முடியாத மீதி ஆற்றிலேயே தங்கிவிடுகிறது. நகர்த்திய கல், கலக்கிய மண், கழுவிய ஷாம்பு, தண்ணீரில் போன சோறு, "யாரும் பார்க்கலை" என்று முடித்துக்கொண்ட அவசரம். இந்தக் கட்டுரை அந்த மீதியைப் பற்றியது.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

சுங்கை செடிம் ஒரு தனி ஆறு என்று நினைத்துக்கொள்வோம். இல்லை. அது சுங்கை மூடாவின் கிளையாறு. கெடாவின் மலைக்காடுகளில் தொடங்கி, சுமார் 4,200 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பின் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, கடைசியில் பினாங்குக்கும் கெடாவுக்கும் எல்லையாக ஓடிக் கடலில் சேர்வதுதான் சுங்கை மூடா. கடலுக்குப் போவதற்குள், கப்பாளா பத்தாஸ் வட்டாரத்தில் லாஹார் தியாங் என்ற இடத்தில் பினாங்கு நீர் விநியோகக் கழகம் அதிலிருந்து தண்ணீரை எடுக்கிறது. அது சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து உங்கள் வீட்டுக் குழாய்க்கு வருகிறது.

பினாங்கு மாநிலத்துக்குத் தேவையான தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஒரே ஆற்றிலிருந்துதான் கிடைக்கிறது. 2024 ஜனவரி 10 முதல் 14 வரை நடந்த தண்ணீர்த் தடை ஞாபகம் இருக்கிறதா? சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளைப் பழுதுபார்ப்பதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள். தீவிலும் பெருநிலத்திலும் ஐந்து மாவட்டங்களிலும் மக்கள் வாளியும் தோங்குமாக அலைந்தார்கள். ஒரு ஆறு, ஒரு நிலையம் என்று எவ்வளவு குறுகிய நூலில் நாம் தொங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அந்த நான்கு நாளில் தெரிந்தது.

இந்தத் தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் சண்டை போட்டுக்கொள்வது வேறு கதை. ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தர வேண்டும் என்று கெடா கேட்கிறது. எங்கள் எல்லைக்குள் ஓடும் ஆற்றில்தான் எடுக்கிறோம் என்று பினாங்கு மறுக்கிறது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். விலை பேசும் அளவுக்கு மதிப்புள்ள தண்ணீரில்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளிக்கிறோம்.

ஒன்றை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடலாம். செடிமில் நீங்கள் போட்ட ஷாம்பு அப்படியே சிம்பாங் அம்பாட் குழாயில் நுரைத்துக்கொண்டு வராது. வழியில் ஆறு தன்னைத்தானே ஓரளவு சுத்தப்படுத்திக்கொள்ளும். மீதியைச் சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும். முதலில் அடி வாங்குவது குழாய் இல்லை. நீங்கள் நின்ற அந்த இடமும், அங்கிருந்து ஐம்பது மீட்டர் கீழே குளித்துக்கொண்டிருந்த இன்னொரு குடும்பமும்தான்.

கல் அணை: எல்லாரும் செய்வது, யாரும் யோசிக்காதது

மண்டி சுங்கை போனால் நம் பையன்கள் முதலில் செய்வது என்ன? கற்களைத் தூக்கி வரிசையாக அடுக்கி ஒரு அணை கட்டுவார்கள். தண்ணீர் தேங்கும், பிள்ளைகள் பத்திரமாக விளையாடலாம், பெரியவர்கள் காலை நீட்டி உட்காரலாம். இதில் பிளாஸ்டிக் இல்லை, இரசாயனம் இல்லை. ஆற்றின் கல்லை ஆற்றிலேயே வைக்கிறோம். இதில் என்ன தப்பு?

மலை ஓடையில் ஒரு கல்லை மெதுவாகப் புரட்டி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான சின்னப் பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மணலையும் இலைத் துண்டையும் ஒட்டவைத்துத் தனக்கே ஒரு குழாய் வீடு கட்டிக்கொண்ட புழுக்கள் இருக்கும். தட்டாம்பூச்சியின் குஞ்சுப் பருவமும் தண்ணீருக்குள்தான். இவைதான் மீனுக்குச் சாப்பாடு. ஆற்றின் தரத்தைப் பார்க்க வரும் ஆய்வாளர்கள் முதலில் தேடுவதும் இவற்றைத்தான். சில வகைப் பூச்சிகள் சுத்தமான, ஆக்சிஜன் நிறைந்த நீரில் மட்டுமே வாழும். அவை இருந்தால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். காணாமல் போனால், எந்த மெஷினும் இல்லாமலேயே விஷயம் புரிந்துவிடும்.

தீபகற்ப மலேசியாவின் மலை ஓடைகளில் லாருட் அருவித் தவளை என்று ஒன்று உண்டு. பேராக்கின் லாருட் மலைப்பகுதியின் பெயரைத் தாங்கிய தவளை. அதன் தலைப்பிரட்டைக்கு வயிற்றில் ஓர் உறிஞ்சி இருக்கிறது. வேகமாக ஓடும் நீரில் அடித்துப்போகாமல் கல்லோடு கல்லாக ஒட்டிக்கொண்டு, அதன் மேல் வளரும் பாசியைத் தின்று வளரும். வேகமான நீரும் வழவழப்பான கல்லும் சேர்ந்தால்தான் அதற்கு வாழ்க்கை. நாம் கல்லைப் பிடுங்கி, வேகத்தைத் தடுத்து, "ஸ்விம்மிங் பூல்" கட்டுகிறோம்.

அமெரிக்காவின் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் இதே பிரச்சினை. அங்கே ஓடைக் கற்களுக்கு அடியில் கையளவைவிடப் பெரிய ஒரு வகை நீர்ப்பல்லி வாழ்கிறது. சுற்றுலாப் பயணிகள் நகர்த்திய கல்லில் அது நசுங்கிச் செத்துக் கிடந்ததைப் பூங்கா ஊழியர்கள் கண்டிருக்கிறார்கள். ஓடையில் கல்லை நகர்த்துவதே அங்கே விதிமீறல்.

ஆனால் அணையின் பெரிய தீங்கு நசுக்குவது இல்லை, தேக்குவது. ஓடுகிற நீர் கல்லில் மோதி நுரைக்கும்போதுதான் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. நீங்கள் அதைத் தேக்கினால் மோதல் நின்றுவிடும், வெயில் பட்டுச் சூடாகும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரிக்குப் போனால் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். கூடவே பாதத்தால் கலக்கிய மண் கீழே படிந்து, கற்களுக்கு நடுவில் இருக்கும் சந்துகளை அடைத்துவிடும். அந்தச் சந்துகள்தான் பூச்சிக்கும் மீன் முட்டைக்கும் வீடு.

இனி சொல்லப்போகும் எல்லாமே இந்தத் தேங்கிய குட்டையில் இன்னும் மோசமாகும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கைப்பிடிச் சோறு

"சோறுதானே, மீன் தின்னும்" என்று சொல்லாத குடும்பம் இல்லை. கொஞ்சத்தை மீன் தின்னும், உண்மைதான். மீதியை பாக்டீரியா தின்னும். அப்படித் தின்பதற்கு அதற்கு ஆக்சிஜன் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 100 கிராம் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து. அது முழுதாக மக்குவதற்குச் சுமார் 30 கிராம் ஆக்சிஜன் தேவைப்படும். ஒரு லிட்டர் ஆற்று நீரில் இருப்பது 8 மில்லிகிராம்தான். அப்படியென்றால் ஒரு பெரிய கைப்பிடிச் சோறு, கிட்டத்தட்ட 4,000 லிட்டர் நீரில் இருக்கும் மொத்த ஆக்சிஜனையும் கேட்கிறது. வேகமாக ஓடும் ஆற்றில் இது பெரிய விஷயம் இல்லை. புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். தேங்கிய குட்டையில்? பத்துக் குடும்பம் தட்டைக் கழுவிய பிறகு? ஊறவைத்த கோழியின் மசாலா எண்ணெய் மேலே படலமாக மிதக்கும்போது?

தண்ணீரில் விழாமல் கரையில் விழுந்த சோற்றுக்கு வேறு விருந்தாளிகள். முதலில் குரங்கு, ராத்திரியில் எலி.

எலி என்றதும் 2010இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பகாங், மாரானில் லுபோக் யூ என்ற பிரபலமான பொழுதுபோக்கு வனம். அங்கே ஆற்றில் மூழ்கிய ஒருவரைத் தேடி மீட்புப் படையினரும் கிராம மக்களும் நீரில் இறங்கினார்கள். அடுத்த சில நாட்களில் ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். எலிச்சிறுநீர் காய்ச்சல் சிலருக்கு, மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் சிலருக்கு, இரண்டும் சேர்ந்து சிலருக்கு. எட்டுப் பேர் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் எலிச்சிறுநீர் காய்ச்சல், சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டது.

லுபோக் யூவின் எட்டு மரணத்துக்கும் சுற்றுலாப் பயணிகள் போட்ட சோறுதான் காரணம் என்று சொல்வது அபாண்டம். ஆனால் எலி எங்கே பெருகும் என்பதில் இரகசியம் எதுவும் இல்லை. சாப்பாடு கிடைக்கிற இடத்தில் பெருகும். அதன் சிறுநீர் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் கலக்கும். காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் கிருமி உள்ளே வர அது போதும். ஆற்றுக்குப் போய்வந்து ஓரிரு வாரத்தில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கிளினிக்கில் "ஆத்துல குளிச்சேன்" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வரி ரொம்ப முக்கியம்.

பெம்பர்ஸ் கணக்கு

இது பேசக் கூச்சமான விஷயம். அதனாலேயே யாரும் பேசுவதில்லை.

மலேசியாவின் தேசிய நீர்த் தர நிர்ணயத்தில் ஆறுகளுக்கு வகுப்புகள் உண்டு. உடம்பு நனையக் குளிக்கத் தகுந்த நீர் '2 பி' வகுப்பு. அதற்கு வரம்பு, 100 மில்லிலிட்டரில் 400 மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா. மனித மலம் ஒரு கிராமில் இந்தப் பாக்டீரியா ஒரு கோடி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலும் இருக்கலாம். கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் போதும், 2,500 லிட்டர் சுத்தமான நீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோக.

இப்போது நம் கல் அணைக்குத் திரும்புங்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் உள்ள குட்டை என்றால் 10,000 லிட்டர். அதைக் கெடுக்க 4 கிராம் போதும். ஒரு தேக்கரண்டி அளவு கூட இல்லை. குட்டையில் உட்காரவைத்த குழந்தையின் பெம்பர்ஸ் ஊறிக் கனத்துக்கொண்டிருப்பதை நினைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே அண்ணன் தண்ணீரை வாயில் கொப்பளித்து விளையாடிக்கொண்டிருக்கிறான்.

இதில் பெற்றோரை மட்டும் திட்டுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொதுமக்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதுகிறார்கள். பண்டிகை விடுமுறையில் நூற்றுக்கணக்கான பேர் வரும் இடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தால், அல்லது திறந்திருந்தும் உள்ளே கால் வைக்க முடியாது என்றால், விழிப்புணர்வை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கார் நிறுத்தக் கட்டணம் வாங்க ஆள் இருக்கிறார். கழிப்பறையைக் கழுவ ஆள் இல்லை. ஆற்றங்கரையில் பல இடங்களில் இதுதான் நிலைமை. தண்ணீர் ஒரு துறைக்கு, காடு ஒரு துறைக்கு, நிலம் மாநில அரசுக்கு, குப்பை இன்னொரு தரப்புக்கு என்று பொறுப்பு சிதறிக் கிடக்கும்போது, கழிப்பறை யாருக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகிவிடுகிறது.

சோப்பு: குற்றாலம் நமக்குச் சொல்வது

தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்கள் இருந்தால் குற்றாலத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். எண்ணெய் தேய்த்து அருவியில் நிற்பது அங்கே தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். ஆயிரக்கணக்கான பேர் எண்ணெய், சீயக்காய், பிறகு சோப்பு, அதற்குப் பிறகு பாக்கெட் ஷாம்பு என்று போனார்கள். 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது. பழக்கமாச்சே, பாரம்பரியமாச்சே என்று பார்க்கவில்லை.

சோப்பு என்ன செய்கிறது என்று பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஓடை ஓரத்தில் தண்ணீர் மேல் நான்கு காலில் வழுக்கிக்கொண்டு போகும் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். நீரின் மேற்பரப்பு ஒரு மெல்லிய தோல் போல இழுத்துக்கட்டியிருப்பதால்தான் அது மூழ்காமல் நிற்கிறது. சோப்பு அந்த இழுவிசையை உடைத்துவிடும். பூச்சி மூழ்கும். மீனின் செவுளைப் பாதுகாக்கும் வழவழப்பான படலத்தையும் அதே பொருள் கரைக்கும். "நான் வாங்கினது இயற்கையா மக்கிப்போற சோப்பு" என்று சிலர் சொல்வார்கள். அது மக்குவதற்கு மண்ணும் அதில் உள்ள நுண்ணுயிரும் வேண்டும். நேராகத் தண்ணீரில் விட்டால் அதுவும் சோப்புதான். மலையேறுபவர்களுக்கு உலகம் முழுக்கச் சொல்லித்தரும் அளவு, நீரிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி.

சன்ஸ்கிரீன், கொசு மருந்து எல்லாம் இதே கணக்குதான். பவளப்பாறையைக் காப்பாற்ற ஹவாய் மாநிலம் 2021 ஜனவரி 1 முதல் இரண்டு வகை இரசாயனம் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையையே நிறுத்தியது. ஓடைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ஏரி என்றால் கதை வேறு

மெங்குவாங் அணைக்கட்டில் மாலை நேரத்தில் நடக்கப் போகிறவர்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். விரிவாக்கத்துக்குப் பிறகு சுமார் 8,640 கோடி லிட்டர் கொள்ளளவு உள்ள, பினாங்கின் மிகப் பெரிய அணை அது. ஆற்று நீர் குறையும் காலத்துக்கான நம் சேமிப்பு. ஆறு அழுக்கை அடித்துக்கொண்டு போய்விடும். ஏரியும் அணையும் அப்படியில்லை. உள்ளே போனது உள்ளேயே இருக்கும்.

ஏரியில் மோட்டார் படகு, தூண்டில் இரண்டும் உண்டு. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் குடிக்கும் பெட்ரோலில் கால்வாசி வரை எரியாமலேயே தண்ணீரில் போய்விடும். அதனால்தான் அமெரிக்காவின் டாஹோ ஏரியில் 1999இல் அந்தப் பழைய ரகத்துக்குத் தடை போட்டார்கள். தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டை அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் இங்கிலாந்தில் 1987இல் அதற்கும் தடை வந்தது.

ஆனால் ஏரியை அடியோடு மாற்றுவது இந்த இரண்டும் இல்லை. "பாவம், விட்டுடலாம்" என்று ஒருவர் திறந்துவிடும் பிளாஸ்டிக் பை.

மீன் தொட்டியில் வளர்ந்து பெரிதாகிப்போன ஈக்கான் பண்டாராயா, தூண்டில் பிரியர்கள் விரும்பும் தென் அமெரிக்க மயில் பாஸ் மீன் எல்லாம் நம் நாட்டு நீர்நிலைகளில் இப்படித்தான் வந்து சேர்ந்தன. மயில் பாஸ் தூண்டிலில் சிக்கினால் நன்றாக இழுத்துப் போராடும். அதனால் அதற்கு இங்கே இரசிகர் பட்டாளமே இருக்கிறது. அது என்ன செய்யும் என்பதற்குப் பனாமாவின் காட்டுன் ஏரியைப் பாருங்கள். 1967 வாக்கில் ஒரு குளத்திலிருந்து தப்பித்த மயில் பாஸ், ஏரிக்குள் பரவியது. சில ஆண்டுகளுக்குள், அங்கே சாதாரணமாகக் கிடைத்த எட்டு வகை மீன்களில் ஆறு, அது பரவிய பகுதிகளில் காணாமல் போயின. 1973இல் வந்த அந்த ஆய்வு இன்றைக்கும் பல்கலைக்கழகங்களில் பாடம். சின்ன மீன்கள் போனதும் கொசுப்புழுவைத் தின்ன ஆள் குறைந்தது, மலேரியா பற்றிய கவலை வந்தது. ஒரு மீனிலிருந்து கொசு வரை சங்கிலி எப்படிப் போகிறது பாருங்கள்.

குப்பையைப் பொறுக்கிவிடலாம். கல்லைத் திரும்ப வைத்துவிடலாம். ஏரியில் பரவிய மீனைத் திரும்ப எடுக்க முடியாது. கிள்ளான் பள்ளத்தாக்கில் தன்னார்வலர்கள் வாரா வாரம் வலை வீசி ஈக்கான் பண்டாராயாவைப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னும் முடியவில்லை.

நாங்க குளிச்சதாலயா ஆறு கெட்டுப்போச்சு?

நியாயமான கேள்வி. நேர்மையான பதில்: பெரும்பாலும் இல்லை.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் சுங்கை ஜூரு. பிறை தொழிற்பேட்டையின் கழிவால் தங்கள் மீன்பிடித் தொழிலே போய்விட்டது என்று கோலா ஜூரு மீனவர்கள் 1970களிலேயே குரல் கொடுத்தார்கள். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களோடு நின்றது. அங்கே யாரும் மண்டி சுங்கை போய் அந்த ஆற்றைக் கெடுக்கவில்லை. மூடா ஆற்றுப் படுகையிலும் மணல் தோண்டுவதும் மலைக்காட்டை வெட்டுவதும்தான் பெரிய கேள்விகள். 2022 ஜூலை 4 அன்று பாலிங், கூப்பாங்கில் வந்த பெருவெள்ளத்தில் மூன்று பேர் இறந்தார்கள். வீடுகளுக்குள் மரத்துண்டுகள் அடித்துக்கொண்டு வந்தபோது, குனோங் இனாஸ் மலையில் என்ன நடக்கிறது என்று நாடே கேட்டது. அதுவும் மூடாவுக்கு வந்து சேரும் தண்ணீர்தான்.

அப்போ நம்மை எதற்குச் சொல்ல வேண்டும்? இடத்தைப் பாருங்கள். தொழிற்சாலையும் பன்றிப் பண்ணையும் வீட்டுக் கழிவும் பெரும்பாலும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் சேர்கின்றன. நாம் குளிக்கப் போவது மேல்பகுதிக்கு, இன்னும் கெடாத இடத்துக்கு. கெடாமல் இருப்பதால்தானே போகிறோம்? கீழே பூச்சியும் தவளையும் ஏற்கெனவே போய்விட்டன. அவை மீதி இருக்கும் இடத்தில்தான் நம் கல் அணை எழும்புகிறது. அதோடு மேலே ஓடை சின்னது. பெரிய ஆறு தாங்கிக்கொள்ளும் ஒரு தட்டுச் சோறும் ஒரு பெம்பர்ஸும் அங்கே பெரிய அடி.

இன்னொன்று, கொஞ்சம் சுயநலமானது. இப்படி ஓர் இடம் கெட்டுப்போனால் அதிகாரிகளுக்குத் தெரிந்த சுலபமான வழி, கேட்டை இழுத்து மூடுவது. அப்போது நஷ்டம் காசு கொடுத்து ரிசார்ட் போக முடிந்தவர்களுக்கு இல்லை. ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு பாயும் எடுத்துக்கொண்டு கிளம்புகிற நம் குடும்பங்களுக்குத்தான்.

சரி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை?

போங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஆற்றில் குளித்து வளராத பிள்ளை பிற்காலத்தில் ஆற்றுக்காக வாய் திறக்காது.

தட்டையும் சட்டியையும் அங்கே கழுவாதீர்கள். மீதிச் சோற்றை ஒரு டப்பாவில் போட்டு மூடி, வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், கழுவுவதும் வீட்டில்தான். கிளம்பும் முன்பே வீட்டில் குளித்துவிட்டால் ஆற்றில் சோப்பு தேவைப்படாது, தலையில் இருக்கும் ஜெல்லும் அங்கே கரையாது. நீரில் இறங்கும் கைக்குழந்தைக்குச் சாதாரணப் பெம்பர்ஸுக்குப் பதில் நீச்சலுக்கென்றே விற்கும் இறுக்கமான வகை கிடைக்கிறது. அதுவும் எல்லாவற்றையும் தடுக்காது, அடிக்கடி மாற்ற வேண்டும். வழியில் பெட்ரோல் நிலையத்தில் எல்லாரையும் ஒருமுறை கழிப்பறைக்கு அனுப்பிவிடுங்கள். காட்டுக்குள் போயே ஆக வேண்டிய நிலை வந்தால், நீரிலிருந்து 60 மீட்டர் தள்ளி, ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டி மூடுங்கள். வெட் டிஷ்யூவைப் புதைக்காதீர்கள், அதில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் நார்.

கரையில் ஏற்கெனவே இருக்கும் பாதையிலேயே இறங்குங்கள். புதுப் பாதை போட்டால் அடுத்த மழையில் அந்த மண் முழுக்கத் தண்ணீரில் இருக்கும். தூண்டில் போடுபவர் என்றால் அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். தொட்டி மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், பல கடைகளில் வாங்கிக்கொள்வார்கள்.

குப்பை விஷயத்தில் சட்டமும் மாறியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், பொது இடத்தில் குப்பை போட்டுக் குற்றவாளி என்று தீர்ப்பானால் 2,000 ரிங்கிட் வரை அபராதத்தோடு 12 மணி நேரம் வரை சமூக சேவையும் செய்ய வேண்டி வரலாம். கழிப்பறை பூட்டியிருந்தாலோ தொட்டி நிரம்பி வழிந்தாலோ படம் எடுத்து, அந்த இடத்தை நடத்தும் தரப்புக்கும் உள்ளூர் மன்றத்துக்கும் அனுப்புங்கள். டிக்டாக்கில் போடுவதற்கு முன்னால் அதைச் செய்தால் இன்னும் நல்லது.

கல் அணை மட்டும் பாக்கி. கட்டாதீர்கள். உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் கட்டிவிட்டுப் போயிருந்தால், எல்லாக் கல்லையும் தூக்கி எறிய வேண்டாம். அதற்குள் அங்கேயும் சில உயிர்கள் குடி வந்திருக்கும். ஓட்டம் வேகமாக இருக்கும் நடுப்பகுதியில் இரண்டு மூன்று கற்களை மெதுவாக நகர்த்தி ஒரு வாய் திறந்துவிட்டால் போதும். அடுத்த மழை வந்ததும் மீதியை ஆறே பார்த்துக்கொள்ளும்.